பாட்டியின் காசுமாலைக்கு எந்தப் புடவை?

கேள்வி: பாட்டி போட்டுக்கொண்டிருந்த காசுமாலை இப்போது என்னிடம் வந்திருக்கிறது. நான் ஐந்தடி ஒரு அங்குலம்தான், மாலை தொப்புளையும் தாண்டித் தொங்குகிறது. அடுத்த மாதம் தங்கைக்குக் கல்யாணம். அகல ஜரிகைக் கரை வைத்த அரக்குக் காஞ்சிப் பட்டு, மெல்லிய கரை உள்ள கரும்பச்சைப் பட்டு, வரவேற்புக்கென்று வாங்கிய சீக்வின் வேலை செய்த நெட் புடவை என்று மூன்றை எடுத்து வைத்திருக்கிறேன். எதற்கு இந்த மாலையைப் போடுவது? கூட என்ன நகை போடலாம்? நகைக்கடை விளம்பரம் மாதிரித் தெரியக்கூடாது. கல்யாணம் முடிந்தபிறகும் லாக்கரில் தூங்கவிடாமல் போட வழி இருக்கிறதா?

பதில்: கரும்பச்சைப் புடவையை வரவேற்புக்குக் கட்டுங்கள், மாலையை அதற்குப் போடுங்கள். அரக்குப் பட்டை முகூர்த்தத்துக்குக் கட்டி, காதில் ஜிமிக்கி, கழுத்தில் தினசரிச் சங்கிலியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நெட் புடவையை இந்தக் கல்யாணத்துக்கு மறந்துவிடலாம். சீக்வினும் காசும் இரண்டுமே வெளிச்சம் பட்டால் மினுங்குகிற சின்னச் சின்ன வட்டங்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் சீக்வினில் கொஞ்சம் பெரியதாகத்தான் உங்கள் தங்கக்காசு தெரியும்.

இந்த மாலைக்கு அரக்குப் பட்டு ஏன் வேண்டாம் என்பதைச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அதைத்தான் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எடுத்துக் கொடுப்பார்கள். கண்ணாடி முன்னால் நின்று பாருங்கள். நாம் கட்டுகிற விதத்தில் புடவை வலது இடுப்பிலிருந்து மார்புக்குக் குறுக்கே ஏறி இடது தோளுக்குப் போகிறது. கரையும் அதே வழியில் சாய்வாக ஏறுகிறது. காசுமாலை தொங்கும் இடமும் அதுதான். கை அகலத்துக்கு ஜரிகைக் கரை இருந்தால் தங்கத்தின் மேல் தங்கம் விழுகிறது. பத்தடி தள்ளி நிற்பவருக்குக் காசுகள் கரையில் கரைந்துபோய், மாலை பாதியில் அறுந்த மாதிரித் தெரியும். அதுவும் மண்டபத்தில் வீடியோக்காரர் விளக்கைப் போட்டதும் ஜரிகைதான் முதலில் பளிச்சிடும். புது ஜரிகைக்கு முன்னால் பாட்டி காலத்துத் தங்கம் கொஞ்சம் மங்கல்தான். அந்த மங்கல்தான் அதன் அழகு என்பேன். தயவுசெய்து பாலிஷ் போட்டுப் புதுசாக்கிவிடாதீர்கள்.

இன்னொரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. மாலையின் இடது பாதி புடவை மேல் கிடக்கிறது. வலது பாதியின் மேல்பகுதி பிளவுஸ் மேல் கிடக்கிறது. ஆக, மாலைக்குப் பின்னணி இரண்டு துணிகள். பச்சைப் புடவைக்குச் சிவப்பு பிளவுஸ் போட்டால் ஒரே மாலை இரண்டு நிறத்தின் மேல் துண்டாகிப்போகும். காண்ட்ராஸ்ட் பிளவுஸ் எனக்கும் பிடிக்கும், ஆனால் இந்த மாலைக்கு வேண்டாம். புடவையின் உடல் நிறத்திலேயே, அதே கரும்பச்சையில், வேலைப்பாடு எதுவும் இல்லாத பட்டு பிளவுஸ் தைக்கச் சொல்லுங்கள். கழுத்தைச் சுற்றி ஆரி வேலை கட்டாயம் கூடாது. கரை வைத்தே தீருவேன் என்று டெய்லர் அடம்பிடித்தால் கை முனையில் மட்டும் வைக்கச் சொல்லுங்கள். கழுத்து முன்பக்கம் அதிகம் இறங்காமல், காறை எலும்புக்கு இரண்டு விரல் கீழே நின்றால் போதும். அப்போதுதான் காசுகள் தோலில் பாதி, துணியில் பாதி என்று இல்லாமல் துணியில் படுத்து நிற்கும்.

முந்தானையைச் சின்ன மடிப்பாக எடுத்துத் தோளில் குத்துங்கள். ஒற்றையாக விரித்துவிட்டால் அது நழுவும், நழுவும்போதெல்லாம் மாலை உள்ளே போய்விடும். முந்தானையைக் குத்தி முடித்தபிறகுதான் மாலையைப் போட வேண்டும்.

உங்கள் உயரத்துக்கு மாலையின் நீளம் உண்மையிலேயே சிக்கல்தான். நல்லவேளையாகப் பழைய காசுமாலைகள் பலவற்றில் பின்னால் கயிறு கட்டுகிற அமைப்பு இருக்கும். கயிற்றைச் சுருக்கிக் கட்டி, மாலையின் அடி மார்புக்கும் தொப்புளுக்கும் நடுவில் நிற்கும்படி செய்யுங்கள். தொப்புளுக்குக் கீழே போனால் நீங்கள் இன்னும் ஓர் அங்குலம் குட்டையாகத் தெரிவீர்கள், உட்காரும்போது மடியில் குவியும். கயிறு பழசாக இருந்தால் மாற்றிவிடுங்கள். கயிறு இல்லாமல் கொக்கி வைத்த மாலை என்றால், கொக்கியை உள்தள்ளி மாட்டிச் சுருக்குகிற மாதிரி, உங்கள் ஆசாரியிடம் பின்னால் ஒரு சின்ன வளையம் கூடுதலாக வைத்துத்தரச் சொன்னால் போதும். காசைக் கழற்றிக் குறைக்க வேண்டாம்.

நடக்கும்போது காசுகள் புரண்டு பின்பக்கம் காட்டும், மாலையும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். இதற்குப் பிளவுஸின் இரண்டு தோள் தையலிலும் அதே நிற நூலில் சின்ன வளையம் தைத்துவைத்து, மாலையின் மேல்பகுதியை நூலால் தளர்வாகக் கட்டிவிடுங்கள். காசுக்குள் ஊக்கு குத்தாதீர்கள்.

காசுகளை எடுத்து உற்றுப் பார்த்தீர்களா? லட்சுமி உருவம் அச்சடித்த மெல்லிய தகடாக இருந்தால் மாலை கனம் இருக்காது. விக்டோரியா ராணி தலையோ ஐந்தாம் ஜார்ஜ் தலையோ இருந்தால் அது நிஜமான சவரன் நாணயமாக இருக்கலாம். ஒன்று கிட்டத்தட்ட 8 கிராம். நாற்பது காசு கோத்திருந்தால் 320 கிராம் கழுத்தில். அந்தக் கனத்தோடு மூன்று மணி நேரம் மேடையில் நிற்கப் போகிறீர்கள் என்றால், பிளவுஸின் பின்கழுத்தைத் தாழ்வாக வெட்ட வேண்டாம். கயிறு வெறும் தோலை அறுக்காமல் துணிமேல் உட்காரட்டும்.

சரி, கூடப் போடுவது. காதுக்கும் மாலைக்கும் நடுவில் ஒரு சாண் வெறுமையாக இருக்க வேண்டும். அதனால் அட்டிகை வேண்டாம். அட்டிகை, ஆரம், காசுமாலை என்று அடுக்குவது கல்யாணப் பெண்ணுக்கு. அன்றைக்கு அது உங்கள் தங்கையின் உரிமை. ஒட்டியாணமும் வேண்டாம், மாலையின் அடியோடு மோதும். காதில் பெரிய ஜிமிக்கி தாராளமாகப் போடலாம். என்னைக் கேட்டால் சிவப்புக் கெம்புக்கல் வைத்தது. பச்சைக்கு அந்தச் சிவப்புப் பொட்டு போதும். தங்கத்தில் இல்லையென்றால் நாகர்கோவில் வடசேரிப் பக்கம் செய்கிற கோயில் நகை மாதிரியில் வாங்கலாம், பழைய தங்கத்தோடு ஒத்துப்போகும். ஆனால் சின்ன அளவாகப் பாருங்கள். பரதநாட்டியத்துக்குச் செய்தது கடைசி வரிசைக்கும் தெரியவேண்டும் என்று பெரிசாக இருக்கும். வைரத்தோடு வேண்டாம், அந்த வெள்ளை மினுக்கு பழைய தங்கத்தைப் பழுப்பாகக் காட்டும். ஒரு கையில் வளையல், இன்னொரு கை காலி. ஸ்மார்ட் வாட்சைக் கழற்றிவிடுங்கள். தலையில் மல்லிகை எவ்வளவு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

முதல் நாளே முழுசாகக் கட்டிப் பார்த்து, விளக்கை அணைத்துவிட்டு யாரையாவது பத்தடி தள்ளி நின்று ஃபிளாஷோடு ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். அந்தப் படத்தில் முதலில் கண்ணுக்குப் படுவது மாலையாக இல்லாவிட்டால் வேறு எதையோ கழற்ற வேண்டும் என்று அர்த்தம். பெரும்பாலும் அது காதில் போட்டதாக இருக்கும்.

கல்யாணத்துக்குப் பிறகு என்று கேட்டீர்கள். பட்டைவிடப் பருத்தியில் இந்த மாலை இன்னும் நன்றாக இருக்கும் என்பது என் கட்சி. பருத்தியோடு பட்டும் கலந்த ஒரே நிறக் கோவை கோரா காட்டன், கரை சன்னமாக இருக்கிற நெகமம் பருத்திப் புடவை இரண்டும் பொருந்தும். செட்டிநாட்டுக் கண்டாங்கியில் பெரிய கட்டமும் அகலக் கரையும் போட்டதைத் தவிர்த்துவிடுங்கள். மதுரைச் சுங்குடி எனக்கு உயிர், இருந்தாலும் அதன் புள்ளிகளும் காசு வட்டங்களும் சண்டை போடும். கேரளத்துக் கசவுப் புடவையோடு காசுமாலை எப்படி எடுபடுகிறது என்று ஓணம் சமயத்தில் பார்த்திருப்பீர்கள். வெள்ளை உடல் நிறைய, கசவு கொஞ்சம், அவ்வளவுதான் அங்கே கணக்கு.

புடவை இல்லாத நாளுக்கு, முழங்காலுக்குக் கீழே வருகிற ஒரே நிறக் குர்த்தா, மூடிய கழுத்து, துப்பட்டா இல்லாமல். கறுப்பு, கருநீலம், காப்பிக்கொட்டை நிறம் எல்லாம் சரி. ஆபீஸில் பொங்கல் விழா என்றால் வெள்ளைச் சட்டையின் மேல் பட்டன் வரை போட்டு, காலருக்கு அடியில் மாலையை விட்டு, ஜீன்ஸோடு போடலாம். பட்டன் வரிசையை மாலை மறைத்துவிடும். அன்றைக்கு அடையாள அட்டையை மட்டும் கழுத்தில் மாட்டாதீர்கள். அப்புறம், பஸ்ஸில் போகிறவர் என்றால் மாலையைப் பையில் வைத்துக் கொண்டுபோய் அங்கே போட்டுக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் செய்வதற்கு முன்னால் இந்த வாரமே மாலையை நம்பிக்கையான ஒரு ஆசாரியிடம் காட்டி, காசைக் கோக்கிற வளையங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். வருஷக்கணக்கில் உரசித் தேய்ந்த வளையம் ஒன்று கூட்டத்தில் விட்டுப்போனால் காசு எங்கே விழுந்தது என்றே தெரியாது. கொடுக்கும் முன்பும் வாங்கும்போதும் உங்கள் கண் முன்னால் எடை போட்டு, காசுகளை எண்ணி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கல்யாண அவசரத்தில் ஆசாரிகளுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது, முகூர்த்த மாதம் பிறப்பதற்குள் போய்விடுங்கள்.