மோரிஸ் மைனரில் பம்ப் மாற்றியபின் பெட்ரோல் வழிகிறது

உங்கள் பழைய மோரிஸ் மைனர் காரில் பெட்ரோல் பம்பை மாற்றியபின், சிக்னலில் நின்றால் கார்புரேட்டரிலிருந்து (எஞ்சினுக்குப் பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் பாகம்) பெட்ரோல் வழிகிறது என்கிறீர்கள். கார்புரேட்டரைக் கழற்ற வேண்டாம், பம்பைப் பாருங்கள். பழைய எஸ்யூ (SU என்ற தயாரிப்பு) பம்புக்குப் பதிலாக நீங்கள் மாட்டியதில் 4–7 பிஎஸ்ஐ (psi, அழுத்தத்தின் அளவு) என்று எழுதியிருக்கிறது என்கிறீர்கள். எஸ்யூ கார்புரேட்டருக்கு 3 பிஎஸ்ஐ-க்கு மேல் வேண்டவே வேண்டாம். அதற்கு மேல் போனால் கார்புரேட்டரின் பெட்ரோல் கிண்ணத்தில் உள்ள மிதவை எவ்வளவு உந்தினாலும், பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் நீடில் வால்வு மூடி நிற்காது. கிண்ணம் நிரம்பி ஓவர்ஃப்ளோ குழாய் வழியே கொட்டும். வேகமாக ஓட்டும்போது எஞ்சின் பெட்ரோலைக் குடித்துவிடுவதால் சரியாக இருந்து, சிக்னலில் நின்றால் மட்டும் வழிவதும் இதனால்தான்.

1. கார்புரேட்டருக்குச் சற்று முன்னால் ஒரு டி இணைப்பு போட்டு, குறைந்த அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டுங்கள். எஞ்சின் ஐடிலில் (வண்டி நின்றபடி, ஆக்சிலரேட்டரை மிதிக்காமல்) ஓடும்போது பாருங்கள்.

2. 3-ஐத் தாண்டினால் 1.5–2.5 பிஎஸ்ஐ பம்ப் வாங்குங்கள். அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டரும் போடலாம்தான். ஆனால் திருகி வைக்கும் மலிவான டயல் ரெகுலேட்டரின் எண்ணை நம்ப முடியாது, கேஜ் சொல்வதுதான் கணக்கு.

3. அழுத்தம் சரியாக இருந்தும் வழிகிறதா? கிண்ண மூடியைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்து, பெட்ரோல் வரும் குழாயில் வாயால் ஊதுங்கள். காற்று போனால் நீடில் தேய்ந்திருக்கிறது, அல்லது தூசி சிக்கியிருக்கிறது. மிதவையைக் காதருகே குலுக்கியும் பாருங்கள், உள்ளே பெட்ரோல் சலசலத்தால் ஓட்டை.

ஒன்று மட்டும்: இந்த எஞ்சினில் கார்புரேட்டருக்குக் கீழேயே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (எஞ்சினின் சூடான புகை வெளியேறும் குழாய்) இருக்கிறது. வழியும் பெட்ரோல் சூட்டில் விழுந்தால் தீதான். சரியாகும்வரை வண்டியை எடுக்காதீர்கள். சோதனையின்போதும் எஞ்சின் ஆறியபின் ஸ்டார்ட் செய்து, பக்கத்தில் தீயணைப்பான் வைத்துக்கொண்டு, வழிய ஆரம்பித்த உடனே அணைத்துவிடுங்கள்.