டொபி சுவையுள்ள ஏல் பியரை ஹட்டனில், வீட்டில் காய்ச்சிப் போத்தலில் அடைக்கலாமா?

கேள்வி: இங்கிலாந்திலிருந்து விடுமுறைக்கு வந்த மச்சான் டொபி மணக்கும் ஏல் பியர் ஒன்றைத் தந்தார். அதை ஹட்டனில் வீட்டிலேயே காய்ச்சிப் போத்தலில் அடைக்க முடியுமா? கடை டொபியைக் கரைத்து ஊற்றினால் அந்தச் சுவை வந்துவிடுமா?

பதில்:

டொபியைக் கரைத்து ஊற்றினால் அந்தச் சுவை வராது. ஹட்டனில் பியர் காய்ச்சவும் வேண்டாம். இலங்கையில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் உற்பத்தி செய்வது குற்றம். 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பிரித்தானியாவில் சொந்தத் தேவைக்காக வீட்டில் பியர் காய்ச்சுவதற்கான உரிமத்தை 1963இல் நீக்கிவிட்டார்கள். ஆகவே உங்கள் மச்சான் தன் வீட்டுச் சமையலறையில் தாராளமாகச் செய்யலாம், இங்கே வந்து செய்ய முடியாது. நானும் அங்கே இருந்த காலத்தில் நண்பர்களோடு காய்ச்சியவன்தான். இப்போது நுவரெலியாவில் இருக்கிறேன், அடைப்பது இஞ்சி பியர் மட்டும். ஏல் செய்யும் முறையை மச்சானுக்காகவும் இஞ்சி பியரை உங்களுக்காகவும் எழுதுகிறேன்.

டொபி ஏன் உதவாது? அதில் இருப்பதில் பெரும்பகுதி சீனி. ஈஸ்டுக்குச் சீனிதான் சாப்பாடு. நீங்கள் சுவைக்காகப் போட்டதை அது ஆல்ககோலாகவும் வாயுவாகவும் மாற்றிவிடும். இனிப்பு போய்விடும், போதை மட்டும் கொஞ்சம் ஏறும். பால் டொபியாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். டின்பாலின் கொழுப்பு மேலே மிதந்து நுரையை நிற்கவிடாது, நாள் போகப் போகக் காறல் வாடையும் அடிக்கும். கித்துள் கருப்பட்டியைப் போட்டால் என்ன என்று அடுத்து கேட்பீர்கள். அதன் இனிப்பையும் ஈஸ்ட் தின்றுவிடும், மெல்லிய புகை மணமும் சிறு கசப்பும் மிஞ்சும். எனக்கு அது பிடிக்கும். ஆனால் டொபியை எதிர்பார்த்துக் குடிப்பவர் ஏமாந்துபோவார். சீனிப்பாகு கலந்த கித்துள் பாணியாக இருந்தால் அந்தப் புகை மணமும் மிஞ்சாது.

நீங்கள் குடித்த பியரில் அந்தச் சுவை பெரும்பாலும் கிறிஸ்டல் மோல்ட்டிலிருந்து வந்திருக்கும். மோல்ட் என்பது முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமை. சாதாரண மோல்ட்டை முளைத்த பிறகு காயவைத்து எடுப்பார்கள். கிறிஸ்டலுக்கு அப்படிக் காயவிடுவதில்லை. ஈரத்தோடே 65 பாகை செல்சியஸ் அளவில் மூடி வைப்பார்கள். உமிக்குள் இருக்கும் மாவுச்சத்து அங்கேயே சர்க்கரையாகிவிடும். அதன் பிறகு சூட்டைக் கூட்டி வறுப்பார்கள். ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பாருங்கள்: பல்லில் கண்ணாடிபோல் நொறுங்கும், உள்ளே பழுப்பு நிறத்தில் உறைந்த பாகு இருக்கும், முதலில் கரமல், பின்னால் உலர்ந்த திராட்சை. வறுபட்ட இந்தச் சர்க்கரையில் ஒரு பங்கை ஈஸ்டால் தின்ன முடியாது. அதுதான் கடைசிவரை கிளாஸில் நிற்கிறது.

20 லீற்றருக்கு வெளிர் மோல்ட் 4 கிலோ, நடுத்தர நிறக் கிறிஸ்டல் 400 முதல் 500 கிராம் போதும். கிறிஸ்டலை இதற்கு மேல் அள்ளிப் போட்டால் இரண்டாவது கிளாஸ் இறங்காது. 67, 68 பாகை வெந்நீரில் ஒரு மணிநேரம் ஊறவைத்து, சாற்றை வடித்து, இன்னொரு மணிநேரம் கொதிக்கவைத்து, பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹொப்ஸ் பூவில் ஆங்கிலேய வகை 30, 40 கிராம் போட்டு, விரைவாக ஆறவைத்து, ஏல் ஈஸ்ட் இட வேண்டும். நொதித்தலுக்கு 18 முதல் 20 பாகை. இதுவரை எந்தக் கைநூலிலும் கிடைக்கும், அதனால் விரிக்கவில்லை.

கைநூல்கள் ஓரமாகச் சொல்லிவிட்டுப் போகும் ஒன்று உண்டு. சில பியர்களில் வரும் வெண்ணெய் கலந்த டொபி மணத்துக்குக் காரணம் டயசிட்டைல் என்ற பொருள். ஈஸ்ட் வேலை செய்யும்போது அது உருவாகும், கடைசி நாட்களில் ஈஸ்டே அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அவசரப்பட்டு முன்கூட்டியே அடைத்தால் அது அப்படியே நின்றுவிடும். ஆங்கிலேய ஏல்களில் இது லேசாக இருப்பதைக் குறையாக எண்ணுவதில்லை. வாயில் எண்ணெய் தடவியதுபோல் இருந்தால் மட்டும் காய்ச்சியவர் பொறுக்கவில்லை என்று அர்த்தம்.

இனிப் போத்தல். கேள்வியில் நீங்கள் அரைச் சொல்லில் கடந்துபோன இந்த இடத்தில்தான் ஆபத்தே இருக்கிறது. நொதித்து முடிந்த பியரில் காற்று போதாது. அடைக்கும்போது கொஞ்சம் சீனி சேர்த்தால், மிச்சமிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று மூடிய போத்தலுக்குள் வாயுவை உண்டாக்கும். ஏலுக்கு லீற்றருக்கு 5 கிராம் சீனி சரி. 20 லீற்றருக்கு 100 கிராமை ஒரு கோப்பை நீரில் கொதிக்கவைத்து ஆற்றி முழுப் பியரிலும் கலக்க வேண்டும். போத்தல் போத்தலாகக் கரண்டியால் போட்டால் ஒன்று சப்பென்று இருக்கும், அடுத்தது கூரையைத் தொடும்.

ஆனால் நொதித்தல் முழுமையாக முடிந்திருந்தால்தான் இந்தக் கணக்கு பலிக்கும். அதைச் சொல்லக்கூடியது அடர்த்திமானி ஒன்றுதான். அதில் வெறும் தண்ணீர் 1.000 காட்டும், சீனி கரைந்திருந்தால் எண் ஏறும். 1.050இல் தொடங்கிய பியர் 1.012 அல்லது 1.013இல் நிற்க வேண்டும். மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை பார்த்து, எண் அசையாமல் இருந்தால் அடைக்கலாம். 1.018இல் ஈஸ்ட் சோர்ந்து நிற்கும்போது அடைத்துவிட்டால்? மிஞ்சிய சீனியில் அடர்த்தி ஒரு புள்ளி, அதாவது 0.001, இறங்கினாலே ஒவ்வொரு லீற்றர் பியருக்கும் ஏறக்குறைய அரை லீற்றர் வாயு கூடும். ஐந்தாறு புள்ளி என்றால் இரண்டரை, மூன்று லீற்றர். ஏலுக்கு வேண்டிய மொத்த வாயுவே இரண்டு சொச்சம்தான். சாதாரண பியர்ப் போத்தல் அதற்கு மேல் இத்தனை அழுத்தத்தைத் தாங்காது. வெடித்தால் கண்ணாடிச் சில்லு முகத்துக்குத்தான் வரும். சாராயப் போத்தல், சோஸ் போத்தல், சதுரப் போத்தல் எதுவும் இந்த வேலைக்கு ஆகாது. தடித்த கபில நிறப் பியர்ப் போத்தல்தான் வேண்டும். வெளிச்சம் பட்டால் ஹொப்ஸ் கெட்டு நாறும், கபில நிறம் அதையும் தடுக்கும். கழுத்தில் 3 சென்ரிமீற்றர் காலியாக விட்டு மூடியை அழுத்துங்கள். கூடவே ஒரு பிளாஸ்டிக் சோடாப் போத்தலிலும் அதே பியரை நிரப்பி வையுங்கள். அது கைக்குக் கல்லாக இறுகினால் மற்றவையும் தயார் என்று தெரிந்துவிடும்.

மச்சான் எந்தக் குளிர்நாட்டில் காய்ச்சினாலும் நம் மலைப்பக்கத்தில் இஞ்சி பியர் அடைத்தாலும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். தண்ணீரே இங்கே 94 பாகை அளவில் கொதித்துவிடுகிறது. பகலில் ஈஸ்டுக்கு இதமான குளிர், ஜனவரி இரவில் அதை உறங்கவைக்கும் கடுங்குளிர். வெப்பம் இறங்கினால் ஈஸ்ட் சாவதில்லை, அடியில் படிந்து தூங்கிவிடும். ஒரு வாரம் கழித்துத் திறந்து பார்ப்பவர் காற்று இல்லை என்று இன்னும் கொஞ்சம் சீனி போட்டு மூடுவார். பிறகு வெயில் வரும், அல்லது யாராவது போத்தலை அடுப்படிக்கு மாற்றுவார்கள். தூங்கியது எழுந்து இரண்டு தவணைச் சீனியையும் ஒன்றாகத் தின்னும். குளிரில் அடைத்த போத்தலுக்குச் சீனி கொடுக்காதீர்கள், நாள் கொடுங்கள். மூன்று, நான்கு வாரம் ஆகட்டும்.

இந்தக் குளிரை நம்பித்தான் வெள்ளைக்காரர்களும் இங்கே பியர் காய்ச்ச வந்தார்கள். சாமுவேல் பேக்கர் 1849இல் நுவரெலியாவில் தொடங்கிய பியர் ஆலையும், 1881இல் வந்த சிலோன் புருவரியும் அப்படி அமைந்தவைதான். பின்னது 1990களின் பிற்பகுதியில் பியகமவுக்குப் போய்விட்டது. தொழிற்சாலைக்கு இந்தக் காலநிலை இலவசக் குளிரூட்டி. துரைக்குப் பியர் காய்ச்சிய அதே மலையில் தொழிலாளிக்குக் கிடைத்தது கள்ளும் கசிப்பும் என்பது வேறு கதை, அதை இங்கே இழுக்கவில்லை.

இப்போது உங்களுக்கான போத்தல். நான்கு லீற்றர் இஞ்சி பியருக்கு அரைக் கிலோ சீனி. அதில் 200 கிராமை அடிகனத்த சட்டியில் தண்ணீர் இல்லாமல் உருக்குங்கள். பாகு வெப்பமானியை நம்பாதீர்கள். நிறத்தைப் பாருங்கள். விளிம்பில் தேன் நிறம் வரும்போது கிளறிவிட்டு, சாயம் கூடிய பிளேன்டீயின் நிறத்துக்கு வந்து முதல் புகை இழை எழுந்ததும் தீயை அணைத்துவிடுங்கள். அதற்கு மேல் அரை நிமிடம் விட்டாலும் கசப்பு. தள்ளி நின்று ஒரு கோப்பை வெந்நீரைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள், சீறித் தெறிக்கும், பிள்ளைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. இறுகிய பாகு மெதுவாகக் கரைந்ததும் மீதிச் சீனி, இடித்த இஞ்சி 150 கிராம், கராம்பு இரண்டு சேர்த்து, மிச்சத் தண்ணீரும் விட்டுக் கால் மணிநேரம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு மூன்று தேசிக்காய்ச் சாறும், பாணுக்குப் போடும் உலர் ஈஸ்ட் கால் தேக்கரண்டியும். கருகிய சீனியின் நிறத்தையும் அந்த டொபி மணத்தையும் ஈஸ்டால் முழுக்கத் தின்ன முடியாது. கிறிஸ்டல் மோல்ட் செய்யும் வேலையில் பாதியை இது செய்துவிடும்.

இதைக் கண்ணாடியில் அடைக்கவே வேண்டாம். நொதித்தலை நாம் பாதியில் நிறுத்துகிறோம், உள்ளே சீனி நிறைய இருக்கிறது. பிளாஸ்டிக் சோடாப் போத்தலில் மூன்று விரல் இடம் விட்டு அடையுங்கள். கண்டியில் ஒரு நாளிலேயே இறுகிவிடும். ஹட்டனில் இரண்டு நாள் ஆகலாம், இங்கே மூன்றும் ஆகும். காலையும் மாலையும் அமுக்கிப் பாருங்கள். விரல் பதியாத அளவுக்கு இறுகியதும் நேரே குளிர்சாதனப் பெட்டிக்குள். அங்கேயும் ஈஸ்ட் மெல்ல வேலை செய்யும், ஆகவே ஒரு வாரத்துக்குள் குடித்து முடியுங்கள். மூடியை ஒரேயடியாகத் திருகாமல், காற்றை விட்டு விட்டுத் திறக்க வேண்டும்.

இதிலும் சிறிதளவு ஆல்ககோல் உண்டு. வீட்டில் பிள்ளைகளோ துளிகூட மது தொடாத பெரியவர்களோ இருந்தால் ஈஸ்டைச் சேர்க்காமல், அதே பாகை ஒரு லீற்றர் தண்ணீரில் கெட்டியாகக் காய்ச்சி வடித்து, தேசிக்காய்ச் சாற்றையும் சேர்த்துக் குளிரில் வையுங்கள். கிளாஸில் கால் பங்கு பாகு, மிச்சத்துக்குக் கடைச் சோடா.