அரசியல் கருத்தை வைத்து ஒருவரை ‘இந்த நாட்டவரே இல்லை’ என்று சொல்ல முடியுமா?

சொல்லலாம், சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள். சொல்வதால் அது உண்மையாகிவிடாது என்பது என் பதில். ஆனால் நான் எப்போதும் இப்படி நினைத்தவன் இல்லை. ஒரு தேர்தல் நேரத்தில் நெருங்கிய நண்பர் ஒருவர், “இப்படி நினைக்கிறவன் இந்த நாட்டுக்காரனாகவே இருக்க முடியாது” என்று சொல்லிவிட்டு என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். வலித்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தால், அவரைப் பற்றி நானும் மனதுக்குள் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, கோபத்தில் தனிமனிதர்கள் சொல்வது இருக்கட்டும். அரசாங்கங்கள் இதை உத்தரவாகவே போட்டுப் பார்த்திருக்கின்றன. 1933-ல் நாஜிகள் ஆட்சிக்கு வந்தபோது வில்லி பிராண்ட் என்ற 19 வயது இடதுசாரி இளைஞர் ஜெர்மனியிலிருந்து நார்வேக்குத் தப்பிப் போனார். 1938-ல் அவருடைய குடியுரிமையைப் பறித்தார்கள். அன்றைய சட்டப்படி அவர் ஜெர்மானியர் இல்லை. போர் முடிந்து திரும்பி வந்தார், 1948-ல் குடியுரிமை மறுபடி கிடைத்தது. 1961 தேர்தலில் அவர் நிற்கும்போது, நாட்டைவிட்டு ஓடிப்போயிருந்தவர்தானே என்று எதிர்முகாம் அதையே குத்திக்காட்டியது. (உள்ளேயே இருந்தவர்கள் அந்த ஆண்டுகளில் என்ன செய்தார்கள் என்று கேட்டிருந்தால் பலருக்குச் சங்கடமாகியிருக்கும்.) 1969-ல் அவர் மேற்கு ஜெர்மனியின் சான்சலர் ஆனார். அடுத்த ஆண்டு டிசம்பரில் போலந்தின் வார்சாவுக்குப் போனவர், நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்திருந்த கெட்டோ பகுதியில் நடந்த எழுச்சியின் நினைவிடத்தில் எல்லோரும் பார்க்க மண்டியிட்டார்.

எனக்கு மனம் மாறியது அவர் மண்டியிட்ட அந்தப் புகைப்படத்தைப் பார்த்துத்தான். நாஜிகள் யூதர்களைக் கொன்று குவித்ததில் அவருக்குத் துளியும் பங்கில்லை, நாஜிகளை எதிர்த்து நின்றவர் அவர். நார்வேக்காரராகவே இருந்திருந்தால் மண்டியிட வேண்டிய தேவையும் இல்லை. ஜெர்மானியர் என்பதால்தான் அந்தப் பாரம் அவர் தோளில் ஏறியது. வேறொரு நாடு அநியாயம் செய்தால் எனக்குக் கோபம் வருகிறது. என் நாடு செய்தால் கோபத்தோடு வெட்கமும் வருகிறது. அந்த வெட்கம் வருவதற்கு நான் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டேன் என்பது ஒரு பொருட்டாகவே இருப்பதில்லை.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. சில நாடுகள் ரத்தத்தையோ மொழியையோ வைத்து உருவாகவில்லை, ஒரு கொள்கையின் பேரில் உருவானவை. அங்கே கொள்கைதானே அடையாளம் என்று கேட்கலாம். அமெரிக்காவையும் பழைய சோவியத் யூனியனையும் எடுத்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட நாட்டில் ஒரு பெருந்தன்மை உண்டு: கொள்கையை ஏற்றுக்கொண்டால் யாரும் உள்ளே வரலாம். அதே வாசல் வழியாக வெளியேயும் தள்ளலாம் என்பதுதான் வினை. அமெரிக்கத்தன்மைக்கு மாறான நடவடிக்கைகளை விசாரிக்கவென்றே அந்நாட்டுப் பிரதிநிதிகள் சபை 1938-ல் ஒரு குழு போட்டது. 1975-ல்தான் அதைக் கலைத்தார்கள். 1947-ல் கம்யூனிஸ்டா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல மறுத்த பத்து ஹாலிவுட் கலைஞர்கள் பின்னர் சிறைக்குப் போனார்கள். பாடகர் பால் ராப்சனின் பாஸ்போர்ட்டை 1950-ல் ரத்து செய்தார்கள். உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் தீர்ப்பு சொன்ன பிறகு, 1958-ல்தான் அவருக்கு மறுபடி பாஸ்போர்ட் கிடைத்தது. எதிர்முகாமிலும் இதே பழக்கம்தான். சோவியத் அரசு எழுத்தாளர் சோல்செனிட்சினின் குடியுரிமையை 1974-ல் பறித்து, 1990-ல் திருப்பிக் கொடுத்தது. கொடுத்த அடுத்த ஆண்டே சோவியத் யூனியன் இல்லாமல் போய்விட்டது! 1994-ல் அவர் திரும்பிப் போனது ரஷ்யாவுக்கு. கொள்கை போன பிறகும் ஊரும் மொழியும் அங்கேயேதான் இருந்தன.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் வெளிநாட்டவரிடம், கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்ததுண்டா என்று இன்றைக்கும் படிவத்திலேயே கேட்கிறார்கள். அங்கேயே பிறந்தவர் கம்யூனிஸ்ட் கட்சி வேட்பாளராகக்கூட நிற்கலாம், குடியுரிமைக்கு ஆபத்தில்லை. கருத்துதான் அடையாளம் என்றால் இரண்டு பேருக்கும் ஒரே கேள்வி இருக்க வேண்டும். புதிதாக வருகிறவரிடம் மட்டும் கேட்பதால், அது வாசலில் வைத்த சோதனை என்றுதான் எடுத்துக்கொள்ள முடிகிறது.

சர்வதேசச் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டால், நாடற்றோர் நிலையைக் குறைப்பதற்கான 1961 ஐ.நா. உடன்படிக்கையின் 9-வது பிரிவு, அரசியல் காரணத்துக்காக யாருடைய குடியுரிமையையும் பறிக்கக் கூடாது என்கிறது. அதில் சேர்ந்த நாடுதான் நிகரகுவா. 2023 பிப்ரவரியில் 222 அரசியல் கைதிகளை விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டு அவர்களின் குடியுரிமையைப் பறித்தது. சில நாட்களில் மேலும் 94 பேருடையதை. அந்த 94 பேரில் ஒருவரான செர்ஜியோ ராமிரெஸ், அதே நாட்டின் துணை அதிபராக இருந்தவர்.

சரி, எதிரி நாட்டுக்கு ரகசியம் விற்றால்? அது செயல். அதற்கு வழக்கும் தண்டனையும் இருக்கின்றன. அந்தக் குற்றத்துக்குத் துரோகம் என்றுதானே பெயர்? அந்நியன் நமக்கு எதிரியாக இருக்கலாம், வேவுகாரனாக இருக்கலாம். நம்மில் ஒருவனாக இருந்தால்தான் துரோகியாக முடியும்.

நண்பர் இப்போது பேசுகிறார். இருவர் கருத்தும் மாறவில்லை. அடுத்த தேர்தலில் திட்டத் தோன்றினால் துரோகி என்றே திட்டச் சொல்லியிருக்கிறேன்.