மலாய்ச் சமூகத்தில் எல்ஜிபிடி மக்களுக்காகப் பேசும் பிரபலங்கள் இருக்கிறார்களா? இருந்தால் ஏன் குரல் கேட்பதில்லை?

இருக்கிறார்கள். ஆனால் ‘ஆதரவு’ என்ற சொல்லை வைத்துத் தேடினால் மரினா மகாதீர் என்ற ஒரு பெயரோடு தேடல் நின்றுவிடும். மலாய்ப் பிரமுகர்கள் இந்த விஷயத்துக்குள் நேர்வாசல் வழியாக வருவது அரிது. நோய்த்தடுப்பு, தண்டனையின் கொடுமை, அரசியலமைப்பு என்று ஏதாவது ஒரு பக்கவாசல் வழியாகத்தான் வருவார்கள். யார் எந்த வாசலில் நிற்கிறார் என்று பார்க்கப் பழகிக்கொண்டால் பெயர்கள் கூடும்.

ஏன் இந்தச் சுற்றுவழி? மலேசிய அரசியலமைப்பின் 160-வது பிரிவைப் பாருங்கள். இஸ்லாத்தைப் பின்பற்றுபவர், வழக்கமாக மலாய் பேசுபவர், மலாய் வழக்கங்களைக் கடைப்பிடிப்பவர்தான் மலாய்க்காரர் என்று அது வரையறுக்கிறது. கிள்ளானில் இருக்கும் ஒரு தமிழர் மதத்தைப் பற்றி என்ன சொன்னாலும் தமிழராகவே இருப்பார். மலாய்க்காரருக்கு மதமும் இனமும் சட்டத்திலேயே ஒரே முடிச்சு. அதனால் அவர் வாய் திறந்தால், ‘நீ சொல்வது சரியா?’ என்று யாரும் கேட்பதில்லை. ‘நீ நம்மவன்தானா?’ என்றுதான் கேட்பார்கள்.

அடுத்தது, இரட்டைச் சட்டம். ‘இயற்கைக்கு மாறான’ உடலுறவைத் தண்டிக்கும் குற்றவியல் சட்டத்தின் 377-ஏ, 377-பி பிரிவுகளின் வேர் வெள்ளைக்காரன் விட்டுப்போனது. எல்லா மதத்தவருக்கும் பொருந்தும், 20 ஆண்டு வரை சிறை, அதோடு பிரம்படி. இவை போக ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஷரியா குற்றச் சட்டம் தனியாக உண்டு. அது முஸ்லிம்களுக்கு மட்டும். ஆண் பெண்ணைப் போல உடுத்துவது எல்லா மாநிலங்களிலும் அதன்படி குற்றம். ஷரியா நீதிமன்றம் கொடுக்கக்கூடிய உச்ச தண்டனை 3 ஆண்டு சிறை, 5,000 ரிங்கிட் அபராதம், 6 பிரம்படி. அங்கே அரசியல் பேசுகிறவர்கள் இதை ‘3-5-6’ என்றே சொல்வார்கள். ‘ஷரியாவில் 20 வருஷம்’ என்று எழுதும் இந்தியக் கட்டுரைகள் இரண்டு சட்டங்களையும் போட்டுக் குழப்பியவை.

சுகாதார வாசல்தான் முதலில் திறந்தது. மரினா மகாதீர் 1993 முதல் 2005 வரை மலேசிய எய்ட்ஸ் மன்றத்தின் தலைவர். அந்தக் காலத்தின் பெரும்பகுதி அவருடைய அப்பா மகாதீர்தான் பிரதமர். மாக் ஞா என்று தங்களை அழைத்துக்கொள்ளும் திருநங்கைகளோடும் ஊசி வழியே போதை ஏற்றிக்கொள்வோரோடும் அவர் ஒரே மேடையில் உட்கார்ந்தபோது, காரணம் கேட்டவர்களுக்குத் தொற்றுக் கணக்கைக் காட்ட முடிந்தது. பின்னாளில் அதே மன்றத்தின் தலைவரான அடீபா கமாருல்ஸமான் தொற்றுநோய் மருத்துவர். சர்வதேச எய்ட்ஸ் சங்கத்துக்குத் தலைமையேற்ற முதல் ஆசியர். தண்டனைச் சட்டங்கள் நோயாளிகளைச் சிகிச்சையிலிருந்து விரட்டுகின்றன என்பது அவர் தொடர்ந்து வைக்கும் வாதம். மருத்துவர் சொன்னால் மதத்துறை நேரடியாக மோதாது. இந்த வாசலின் குறை என்னவென்றால், இதன் வழியே வருகிற மனிதர்கள் எப்போதும் ‘ஆபத்துக் குழு’வாகவே பதிவாகிறார்கள். எச்.ஐ.வி. எண்ணிக்கை இறங்கினால் அவர்கள் மீதான அக்கறையும் இறங்கிவிடுகிறது.

என் கணிப்பில் கனமான வேலை நடந்தது நீதிமன்றத்தில்தான். செய்தவர்களில் பலரை யாரும் ‘எல்ஜிபிடி ஆதரவாளர்’ பட்டியலில் சேர்ப்பதில்லை. ஆண் பெண்ணைப் போல உடுத்துவதைத் தண்டிக்கும் நெகிரி செம்பிலான் மாநில ஷரியா சட்டத்தின் 66-வது பிரிவை எதிர்த்து முஸ்லிம் திருநங்கைகள் வழக்குத் தொடுத்தார்கள். 2014 நவம்பர் 7 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பிரிவு அரசியலமைப்புக்கு முரண் என்றது. அமர்வின் தலைவர் முகமட் ஹிஷாமுடின் யூனுஸ், ஒரு மலாய் நீதிபதி. கண்ணியத்தோடு வாழும் உரிமை, நடமாடும் உரிமை, உடை வழியாகத் தன்னை வெளிப்படுத்தும் உரிமை என்று ஒவ்வொன்றாக எடுத்து அந்தப் பிரிவு எங்கே மோதுகிறது என்று காட்டிய தீர்ப்பு அது. ஓராண்டு கூட நிற்கவில்லை. 2015 அக்டோபர் 8 அன்று நாட்டின் உச்ச அமைப்பான கூட்டரசு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உரிமைகள் பற்றிய வாதம் தவறு என்று சொல்லி அல்ல, வழக்கை நேராகக் கூட்டரசு நீதிமன்றத்துக்கே கொண்டுவந்திருக்க வேண்டும் என்ற நடைமுறைக் காரணத்துக்காக. நல்ல சமையலைத் தட்டு சரியில்லை என்று திருப்பி அனுப்பிய கதை.

அந்தப் பாடத்துக்குப் பிறகு வழக்கறிஞர்கள் பாதையை மாற்றினார்கள். உரிமையைப் பேசாதே, அதிகாரப் பங்கீட்டைப் பேசு. கூட்டரசுச் சட்டத்தில் ஏற்கெனவே இருக்கும் ஒரு குற்றத்துக்கு மாநிலம் இன்னொரு சட்டம் இயற்ற முடியுமா? இந்த ஒரே கேள்வியை வைத்து 2021 பிப்ரவரி 25 அன்று கூட்டரசு நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள், ‘இயற்கைக்கு மாறான’ உடலுறவைத் தண்டிக்கும் சிலாங்கூர் ஷரியா சட்டத்தின் 28-வது பிரிவை ஒருமனதாகச் செல்லாது என்றார்கள். அப்போது தலைமை நீதிபதி தெங்கு மைமுன் துவான் மாட், ஒரு மலாய்ப் பெண்மணி. 2024 பிப்ரவரி 9 அன்று கிளந்தான் மாநிலத்தின் 16 ஷரியா பிரிவுகள் இதே தர்க்கத்தில் விழுந்தன. ஆண்களுக்கிடையிலான உறவைத் தண்டிக்கும் பிரிவும் அவற்றில் ஒன்று. வழக்கைத் தொடுத்தவர் நிக் எலின் என்ற மலாய் வழக்கறிஞரும் அவருடைய மகளும். நீதிமன்றத்தில் அவர் எல்ஜிபிடி உரிமை பேசவில்லை, மாநிலத்துக்கு அதிகாரம் உண்டா என்று மட்டும் கேட்டார். ஆனாலும் கொலை மிரட்டல் வந்தது.

இந்த வெற்றிகளைப் படித்துவிட்டு ‘மலேசியாவில் இனி குற்றமில்லை’ என்று எழுதிவிடாதீர்கள். மாநிலப் பிரிவு விழுந்ததே கூட்டரசின் 377 இருப்பதால்தான். அது அப்படியே நிற்கிறது.

மூன்றாவது, தண்டனை வாசல். 2018 செப்டம்பர் 3 அன்று திரெங்கானு ஷரியா நீதிமன்றத்தில் தங்களுக்குள் உறவு கொள்ள முயன்றதாக, சுமார் 100 பேர் முன்னிலையில் இரண்டு பெண்களுக்குத் தலா 6 பிரம்படி. அப்போது பிரதமராக இருந்த மகாதீரே, இது இஸ்லாத்தின் நீதியையும் இரக்கத்தையும் காட்டவில்லை, முதல்முறை என்றால் அறிவுரை சொல்லியிருக்கலாம் என்று கண்டித்தார். இதை ஏற்பு என்று வாசித்தவர்கள் அடுத்த மாதமே ஏமாந்தார்கள். ஒரேபாலினத் திருமணமும் எல்ஜிபிடியும் மலேசியா ஏற்கக்கூடியவை அல்ல என்று பாங்காக்கில் அதே மகாதீர் பேசினார். முரண்பாடு போலத் தோன்றும். மலாய் அரசியலில் இது ஒரு நிலையான நிலைப்பாடு: பாவம் என்பதில் மாற்றமில்லை, அடிக்க வேண்டாம் என்பதில் மட்டும் இடமுண்டு.

அதே ஆண்டு ஆகஸ்டில் நடந்தது இன்னும் சுவையானது. ஜார்ஜ் டவுன் விழாவில் தேசியக் கொடியோடு மலேசியர்கள் நிற்கும் புகைப்படக் கண்காட்சி. அதிலிருந்து நிஷா அயூப், பாங் கீ தெய்க் என்ற எல்ஜிபிடி செயற்பாட்டாளர்களின் படங்களை எடுக்கச் சொன்னவர் மத விவகார அமைச்சர் முஜாஹிட் யூசோஃப் ராவா. நிஷா முஸ்லிம் திருநங்கை. 2000-ல் ஷரியா வழக்கில் 3 மாதம் ஆண்கள் சிறையில் இருந்தவர், 2016-ல் அமெரிக்க வெளியுறவுத் துறையின் துணிச்சல்மிக்க பெண்களுக்கான விருதைப் பெற்ற முதல் திருநங்கை. படத்தை எடுக்கச் சொன்ன அமைச்சர் அந்த நாட்களிலேயே நிஷாவை நேரில் சந்தித்தார். திருநங்கைகளுக்கு வேலையிடத்தில் பாகுபாடு கூடாது என்றும் சொன்னார். மதவாதிகள் சந்திப்புக்காகத் திட்டினார்கள், செயற்பாட்டாளர்கள் படத்துக்காகத் திட்டினார்கள். ‘அப்படியானால் என் படத்தையும் எடுங்கள்’ என்று கேட்டவர் மரினா. சுகாதாரக் கணக்கும் இல்லை, சட்ட நுணுக்கமும் இல்லை. மலாய்ப் பிரமுகர் ஒருவர் நேர்வாசலில் நின்ற அபூர்வமான தருணங்களில் இது ஒன்று.

நேர்வாசலுக்கு வந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் பேச்சிலிருந்து 20 விநாடித் துண்டு சுற்றும். ‘எல்ஜிபிடியை ஊக்குவிக்கிறார்’ என்று தலைப்பு வரும். ‘ப்ரொமோசி’ என்ற அந்த மலாய்ச் சொல்தான் குற்றச்சாட்டின் அச்சாணி. அடுத்து வெவ்வேறு ஊர்களில் அமைப்புகள் போலீஸ் புகார் கொடுக்கும். மலேசியாவில் ஒரே பேச்சுக்குப் பத்து ஊரில் புகார் என்பது வழக்கமான ஆயுதம். பிறகு தொலைத்தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-வது பிரிவில் வாக்குமூலம் எடுக்கக் கூப்பிடுவார்கள். நெடுங்காலம் 50,000 ரிங்கிட்டாக இருந்த அதன் உச்ச அபராதம் அண்மைத் திருத்தத்தில் 5,00,000 ஆகிவிட்டது. வழக்கு நீதிமன்றம் வரை போகாமலே போகலாம். ஆனால் கலைஞராக இருந்தால் அதற்குள் விளம்பரதாரர் விலகியிருப்பார், அரசியல்வாதியாக இருந்தால் கட்சி விளக்கம் கேட்டிருக்கும்.

2010 டிசம்பரில் அஸ்வான் இஸ்மாயில் என்ற மலாய்க்காரர், ஒரு காணொளித் தொடருக்காக ‘நான் கே, நான் நலம்’ என்ற பொருளில் மலாயில் பேசினார். கொலை மிரட்டல்கள் குவிந்தன. அதே தொடரில் மற்ற இனத்தவர் ஆங்கிலத்தில் பேசியவற்றுக்கு இவ்வளவு எதிர்ப்பு இல்லை. மொழியே எல்லைக்கோடு. 2018 ஜூலையில் நூமான் அஃபிஃபி என்ற எல்ஜிபிடி செயற்பாட்டாளர் இளைஞர் விளையாட்டுத் துறை அமைச்சர் அலுவலகத்தில் பணியாற்றுவது தெரிந்ததும் எழுந்த கூச்சலில் அவர் விலக வேண்டியதாயிற்று. 2019-ல் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமை மன்றத்தில் ஓர் அறிக்கை வாசித்ததற்கும் அவரைப் போலீஸ் விசாரித்தது.

அரசியல்வாதிகள் ஏன் நடுங்குகிறார்கள் என்று புரிய அன்வார் இப்ராஹிமைப் பார்த்தால் போதும். இந்தச் சட்டங்களால் இருமுறை சிறை சென்றவர். 2012-ல் பிபிசி பேட்டியில் இவை பழமையான சட்டங்கள், மறுபரிசீலனை தேவை என்ற பொருளில் பேசினார். அதை ‘ஓரினச்சேர்க்கையைச் சட்டபூர்வமாக்கச் சொல்கிறார்’ என்று திரித்ததாக உத்துசான் மலேசியா பத்திரிகை மீது வழக்குப் போட்டார். 2013-ல் கோலாலம்பூர் உயர் நீதிமன்றத்தில் வென்றார். யோசித்துப் பாருங்கள், ‘ஆதரவாளர்’ என்று சொல்வது அவதூறாகக் கருதப்படும் நாடு அது. 2023 ஜனவரியில், பிரதமரான கையோடு, தன் ஆட்சியில் எல்ஜிபிடிக்கு ஒருபோதும் அங்கீகாரம் கிடையாது என்று தொலைக்காட்சியில் சொல்லிவிட்டார்.

‘செக்சுவாலிட்டி மெர்டேக்கா’ என்ற பாலியல் உரிமை விழா 2008-ல் தொடங்கியது. 2011-ல் தொடங்கி வைக்கவிருந்தவர் அம்பிகா சீனிவாசன், முன்னாள் வழக்கறிஞர் மன்றத் தலைவர், மலாய்க்காரர் அல்ல. போலீஸ் தடை விதித்ததும் ‘மலாய் அல்லாதவர் நம் மதத்தில் கை வைக்கிறார்’ என்று அந்தத் தாக்குதல் இனப் பக்கமாகத் திரும்பியது. திருநர் உரிமைக்கு உழைக்கும் ‘ஜஸ்டிஸ் ஃபார் சிஸ்டர்ஸ்’ அமைப்பின் இணை நிறுவனர் திலகா சுலதிரேயும் மலாய்க்காரர் அல்ல. இவர்கள் உழைப்பு பெரிது. ஆனால் மலாய்ச் சபையில் ஒரு மலாய்க்காரர் சொல்லும் ஒரு வரிக்கு உள்ள எடை வேறு.

வெளிநாட்டு உதவி இன்னும் சிக்கல். 2023 ஜூலை 21 அன்று செப்பாங் இசை விழாவில் ‘தி 1975’ குழுவின் பாடகர் மேட்டி ஹீலி சட்டத்தைத் திட்டி, சக ஆண் கலைஞரை மேடையில் முத்தமிட்டார். மிச்ச விழா ரத்து. உள்ளூர்ச் செயற்பாட்டாளர்களே அவரைக் கண்டித்தார்கள். மாநிலத் தேர்தல்கள் நெருங்கிய நேரம் அது. அவர் விமானம் ஏறிவிடுவார், அடி வாங்குவது இங்கிருப்பவர்கள்.

சிங்கப்பூர் மலாய்க்காரர்கள் நிலை கொஞ்சம் தளர்வு. அங்கே ஷரியா நீதிமன்றம் மணம், மணமுறிவு, வாரிசுரிமையோடு சரி. உடைக்காக யாரையும் இழுக்காது. நாடகாசிரியர் அல்ஃபியான் சாஅத் தன்னை வெளிப்படையாகவே தன்பாலீர்ப்பாளர் என்பவர். எதிர்ப்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2014-ல் ‘பிங்க் டாட்’ என்ற எல்ஜிபிடி ஆதரவுக் கூட்டத்துக்கு எதிராக வெள்ளை உடுத்தும் இயக்கத்தை முதலில் தொடங்கியவர் ஒரு மலாய் மத ஆசிரியர்தான். ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய 377-ஏ அங்கே 2023 ஜனவரியில் சட்டப் புத்தகத்திலிருந்து போய்விட்டது.

ஒரு மலாய்ப் பிரமுகரின் அறிக்கையை நீங்களே எடைபோட நினைத்தால் மொழிபெயர்ப்பை விட்டுவிட்டு மூலத்தில் அவர் எந்தப் பெயர்ச்சொல்லைப் போட்டிருக்கிறார் என்று பாருங்கள். ‘சொங்சாங்’ என்றால் தலைகீழ், பிறழ்ந்தது. கருவில் திரும்பிக் கிடக்கும் குழந்தைக்கும் அதே சொல்தான். ‘கௌம் லூத்’ என்றால் இறைத்தண்டனைக்கு ஆளான லூத் நபியின் மக்கள். இந்த இரண்டில் ஒன்று இருந்தால் மேற்கொண்டு படிக்க வேண்டாம். ‘பொண்டான்’ வசை, கேலிக்கும் பயன்படும். ‘கோலொங்ஙான் டிரான்ஸ்ஜென்டர்’, அதாவது திருநர் பிரிவினர் என்று எழுதியிருந்தால் எழுதியவர் யோசித்திருக்கிறார். ‘மாக் ஞா’ என்று அவர்கள் தங்களுக்கே வைத்துக்கொண்ட பெயரை மரியாதையோடு பயன்படுத்தினால், அந்த மனிதர்களில் யாரோ ஒருவரை அவருக்கு நேரில் தெரிந்திருக்கும்.