கல்வட்டம் இருக்கும் காட்டில் ஜேசிபி இறக்கலாமா?

கேள்வி: ஈரோடு மாவட்டத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் மானாவாரிக் காடு. நடுவில் பெரிய பெரிய கற்கள் வட்டமாகப் புதைந்து, உள்ளே மேடாக இருக்கிறது. ‘பாண்டவர் குழி’ என்பார்கள். ஜேசிபி வைத்துச் சமன் செய்யலாமா? வெளியே சொன்னால் நிலம் போய்விடும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: தயவுசெய்து ஜேசிபி வேண்டாம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், அது பெருங்கற்காலத்து ஈமச்சின்னம். உங்கள் மாவட்டத்துக் கொடுமணலில் இப்படி நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. சுமார் இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்பே யாரோ தங்கள் வீட்டு மனிதரை அங்கே அடக்கம் செய்திருக்கிறார்கள்.

மேலே தெரியும் கற்கள் சுற்று வேலி மாதிரிதான். மேட்டுக்கு அடியில் பலகைக் கற்களை நிறுத்திக் கட்டிய அறை இருக்கலாம். அதன் ஒரு பலகையில் வட்டமாக ஒரு துளைகூட இருக்கலாம். உள்ளே எலும்பு, இரும்புக் கருவி, மணிகள், பானைகள். உழவில் ஓடு ஏதாவது மேலே வந்திருந்தால் திருப்பிப் பாருங்கள்: உட்புறமும் வாய்ப்பக்கமும் கறுப்பு, வெளியே கீழ்ப்பாகம் சிவப்பு, தடவினால் வழவழப்பு. அந்தக் காலத்துக்கு அது நல்ல அடையாளம்.

புதையல் இருக்கும் என்று யாராவது தோண்டக் கேட்டால் விடவே விடாதீர்கள். எந்தப் பானைக்குப் பக்கத்தில் எந்த மணி கிடந்தது என்பதில்தான் எல்லாச் செய்தியும் இருக்கிறது. மண்ணைப் புரட்டிவிட்டால் மிஞ்சுவது வெறும் ஓடு. தவிர, 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதைபொருள் கிடைத்தாலே மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

சரி, நிலம்? தகவல் சொன்ன மாத்திரத்தில் போய்விடாது. அரசு முறைப்படி அறிவித்த பிறகுதான் பாதுகாக்கப்பட்ட சின்னம் ஆகும். மத்திய அரசின் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தில், அதற்கு முன்பு இரண்டு மாத அவகாசம் கொடுத்து ஆட்சேபம் கேட்க வேண்டும். 100 மீட்டருக்குள் கட்டடம் கூடாது என்ற விதியும், மத்திய அரசு அப்படி அறிவித்த இடங்களுக்குத்தான். ஆகவே பயப்படாமல் கிராம நிர்வாக அலுவலரிடமோ மாநிலத் தொல்லியல் துறையிடமோ எழுத்தில் கொடுங்கள். சர்வே எண்ணோடு, ஒரு ஆளைக் கல் பக்கத்தில் நிறுத்தி எடுத்த போட்டோவும் இருந்தால் நல்லது.

விவசாயத்தை நிறுத்த வேண்டியதில்லை. வட்டத்துக்கு வெளியே நான்கைந்து அடி விட்டு உழுங்கள். மேட்டின் மேல் சீமைக்கருவேலம் முளைத்திருந்தால் தரையோடு வெட்டுங்கள், வேரைப் பிடுங்காதீர்கள். வேரோடு சேர்ந்து உள்ளே இருக்கும் பானையும் உடைந்து வரும்.