கட்டி தட்டாத படலம்

கேள்வி: எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். பாலிவினைல் ஆல்கஹாலில் துத்தநாக ஆக்சைடு நானோ துகள்களைக் கலந்து, வளைகிற மாதிரி ஒரு படலம் செய்வதுதான் என் புராஜெக்ட். மூன்று முறை ஊற்றிப் பார்த்துவிட்டேன். வெள்ளை வெள்ளையாகப் புள்ளி, நடுவில் குமிழி, ஒரு பக்கம் தடிமன், மறுபக்கம் மெல்லிசு. உரித்தால் உடைகிறது. எங்கே தப்பு?

பதில்: கேழ்வரகு மாவைக் கொதிக்கிற தண்ணீரில் நேராகக் கொட்டிப் பாருங்கள், கட்டி தட்டிவிடும், அப்புறம் எவ்வளவு கிண்டினாலும் உள்ளே பச்சை மாவு அப்படியே இருக்கும். நீங்களும் தூளை நேராகக் கெட்டியான பாலிவினைல் ஆல்கஹால் (பிவிஏ) கரைசலில் போட்டிருப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன். 20 நானோமீட்டர் துத்தநாக ஆக்சைடு ஒரு கிராம் எடுத்தால் அதன் மொத்தப் பரப்பு 50 சதுர மீட்டருக்கு மேல், ஒரு சின்ன வீட்டின் தரையளவு. அவ்வளவு பரப்பும் பக்கத்துத் துகளோடு ஒட்டிக்கொள்ளத்தான் பார்க்கும், கெட்டிக் கரைசலுக்குள் போன பிறகு அதைப் பிரிக்க உங்கள் மேக்னடிக் ஸ்டிர்ரருக்குத் தெம்பு கிடையாது.

அதனால் தூளை முதலில் தனியாக, கொஞ்சம் தண்ணீரில், அரை மணி நேரம் சோனிகேட்டரில், அதாவது காதுக்குக் கேட்காத ஒலி அலையால் தண்ணீரை அதிரவைத்துத் துகளைப் பிரிக்கும் தொட்டியில், வையுங்கள். தொட்டித் தண்ணீர் சூடானால் மாற்றிவிடுங்கள். அதில் கொஞ்சம் ஒரு டெஸ்ட் டியூபில் ஊற்றி ராத்திரி முழுக்க அசைக்காமல் விடுங்கள். காலையில் அடியில் வண்டல் கனமாகத் தங்கியிருந்தால் துகள் பிரியவில்லை என்று அர்த்தம், அதைப் பிவிஏவில் ஊற்றி வீணாக்க வேண்டாம். பிரியாததை அமிலம் விட்டுப் பிரிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், துத்தநாக ஆக்சைடு அமிலத்தில் கரைந்தே போய்விடும்.

பிவிஏவும் இதே ரகம்தான். வெந்நீரில் போட்டால் மேலே தோல் கட்டி உள்ளே கரையாமல் நிற்கும். பச்சைத் தண்ணீரில் தூவி, ஊறவிட்டு, கலக்கிக்கொண்டே 90 டிகிரி வரை மெதுவாகச் சூடேற்றுங்கள். ஆறிய பிறகு துகள் கலந்த தண்ணீரை இதில் சேர்த்து, குமிழி மேலே வந்து அடங்கும்வரை அசைக்காமல் வைத்திருந்து, அப்புறம் ஊற்றுங்கள். 9 சென்டிமீட்டர் பெட்ரி டிஷ்ஷில் 5 சதவீதக் கரைசல் 20 மில்லி ஊற்றினால், காய்ந்த பிறகு ஏறக்குறைய 0.12 மில்லிமீட்டர் படலம் வரும், அதாவது தட்டு மட்டமாக இருந்தால்! நான் படித்த காலத்தில் மேஜை சாய்ந்திருந்தது தெரியாமல் இரண்டு வாரம் துகளைத் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் கட்டட வேலைக்கு வந்த கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. 40 டிகிரிக்கு மேல் அவசரப்பட்டு உலர்த்தாதீர்கள், மேல்பக்கம் முதலில் காய்ந்து குமிழி உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

உடையாமல் இருக்கக் கிளிசரின் சேருங்கள், பிவிஏ எடையில் பத்து சதவீதத்தில் ஆரம்பியுங்கள். துகளைக் கூட்டக் கூட்டவும் படலம் மொறுமொறுப்பாகும். முதலில் 1 சதவீதத்தில் ஒரு நல்ல படலம் வரட்டும், மற்றதெல்லாம் அப்புறம்.

கேள்வி: அதே தூள்தானே, சிலருக்குக் கண்ணாடி மாதிரி வருகிறது, எனக்கு மட்டும் ஏன் பால் மாதிரி?

பதில்: ஒளியின் அலைநீளத்தை விட ரொம்பச் சின்ன துகளாக இருக்கும்வரை, விட்டம் இரண்டு மடங்கானால் அது சிதறடிக்கும் ஒளி 64 மடங்காகும். பாட்டில் மேல் 20 நானோமீட்டர் என்றுதான் எழுதியிருக்கும், ஆனால் பத்து இருபது துகள் சேர்ந்து கட்டியாகிவிட்டால் ஒளிக்கு அது ஒரே பெரிய துகள். துத்தநாக ஆக்சைடு சுமார் 370 நானோமீட்டருக்குக் கீழே உள்ள புறஊதாவை விழுங்கும், கண்ணுக்குத் தெரியும் ஒளியை விட்டுவிடும்; அந்த நல்ல குணம் படலத்தில் தெரிய வேண்டுமானால் கட்டி இருக்கக் கூடாது.

கேள்வி: டிவி விளம்பரத்தில் குவாண்டம் டாட் என்கிறார்களே, அதுவும் இதுதானா?

பதில்: பெரும்பாலும் ஆமாம். நீல எல்இடிக்கு முன்னால் ஒரு பாலிமர் படலம், அதற்குள் நானோ துகள்கள். பெரியவை சிவப்பாகவும் சின்னவை பச்சையாகவும் ஒளிரும். இந்தத் துகள்களைக் கண்டுபிடித்ததற்கும் உருவாக்கியதற்கும்தான் 2023 வேதியியல் நோபல் பரிசு பாவெண்டி, புரூஸ், எகிமோவ் மூவருக்கும் கிடைத்தது. அங்கேயும் நெருங்கிக் கிடந்தால் ஒன்றின் ஆற்றலை இன்னொன்று வாங்கிக்கொண்டு வெளிச்சம் குறையும். ஈரமும் ஆக்சிஜனும் பட்டால் கெட்டுப்போகும் என்பதால் இரண்டு பக்கமும் தடுப்புப் படலம் ஒட்டுகிறார்கள், டிவி விலையில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

கேள்வி: வெள்ளி நானோ துகள் கலந்த படலத்தை நாமே செய்து இட்லி மாவுப் பாத்திரத்தை மூடலாமா?

பதில்: வேண்டாம். வெள்ளி அயனி வெளியே கசிவதால்தான் கிருமி சாகிறது, அது மாவுக்குள்ளும் போகும். தவிர, மாவு புளிப்பதே நுண்ணுயிரிகளின் தயவில்தான்! புராஜெக்ட் செய்கிறவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: படலத்துக்குள் மாட்டிய துகளை விட உலர்ந்த தூள்தான் மூச்சில் போகும், எடை போடும்போது மாஸ்க் போட்டுக்கொண்டு ஃபேனை அணைத்துவிடுங்கள்.