மாமாவின் கணக்குக் கொப்பியை ஏன் மறைத்தீர்கள்?

கேள்வி: அக்கா, நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கிறேன், இது இறுதி ஆண்டு. ஊர் திருகோணமலை, உவர்மலை. கொழும்பில் வர்த்தகச் சட்ட நிறுவனம் ஒன்றில் பயிலுநராகச் சேர ஆசை. ஆறு நிறுவனங்களுக்குக் கடிதமும் சுயவிவரமும் அனுப்பினேன். இரண்டு மாதமாகிறது, ஒருவரும் மூச்சுவிடவில்லை. கடிதத்தின் பிரதியை இணைத்திருக்கிறேன். கொழும்பில் எங்களுக்கு ஆட்கள் இல்லை. ஆங்கிலம் எழுதுவேன், பேச வந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். லீவில் நிலாவெளியில் மாமாவின் விருந்தினர் விடுதியில் கணக்கு எழுதியதைத் தவிர வேலை அனுபவமும் இல்லை. அதைச் சுயவிவரத்தில் போடவில்லை. அப்பா கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், வேலை. "இங்கேயே ஒரு நல்ல சட்டத்தரணியிடம் சேர், வீட்டுச் சாப்பாட்டோடு தொழில் படிக்கலாம்" என்கிறார். லண்டனில் இருக்கும் மச்சாளோ, இரண்டு வருடத்துக்கு முன்பே விண்ணப்பித்திருக்க வேண்டும் என்று பயமுறுத்துகிறார். யார் சொல்வதைக் கேட்பது?
(பெயர் வேண்டாம், திருகோணமலை)

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது நீங்கள் வெட்கப்பட்டுக்கொண்டு எழுதிய அந்த நிலாவெளி வரிதான். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த ஆறு கடிதங்கள்.

மேலே இருந்த நிறுவனத்தின் பெயரைப் பெருவிரலால் மறைத்துக்கொண்டு வாசித்தேன். "தங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தில்", "சவால்களை ஏற்கும் மனப்பான்மை", "கடின உழைப்பு". இதை அப்படியே ஒரு வங்கிக்கும் அனுப்பலாம், காப்புறுதிக் கம்பனிக்கும் அனுப்பலாம். கொழும்பில் ஆள் இருந்தால் இதே கடிதத்துக்கும் ஒரு அழைப்பு வந்திருக்கும், அதை மறைக்க மாட்டேன். அந்த வழி நமக்கு இல்லை. அதனால்தான் கடிதத்தை இன்னும் நன்றாக எழுத வேண்டியிருக்கிறது.

மச்சாள் சொன்னது பொய்யில்லை, ஆனால் அது அந்த நாட்டுக் கதை. அங்கே பெரிய நிறுவனங்களில் 'ட்ரெய்னிங் கொன்ட்ராக்ட்' எனும் பயிலுநர் பயிற்சி இரண்டு வருடம், பெரும்பாலும் ஆறு ஆறு மாதமாக நான்கு பிரிவுகளில் இருந்து பழக வேண்டும். அதற்குத்தான் இரண்டு வருடம் முன்கூட்டியே விண்ணப்பம், அதற்கும் முன்னால் விடுமுறைக் காலப் பயிற்சி. 2021இல் அங்கே சொலிசிட்டர், அதாவது சட்டத்தரணி, ஆவதற்கான பரீட்சை முறையும் மாறியது. இப்போது இரண்டு வருட வேலை அனுபவத்தை நான்கு இடங்கள் வரை பிரித்துச் சேர்க்கலாம், வெளிநாட்டில் செய்ததையும் காட்டலாம். ஆனால் அதை இங்கிலாந்து-வேல்ஸ் சொலிசிட்டர் ஒருவர் உறுதிப்படுத்த வேண்டும். என்றாவது அந்தப் பக்கம் போகும் எண்ணம் இருந்தால் இதை ஞாபகத்தில் வைத்திருங்கள், இப்போதைக்கு அவ்வளவு போதும். கொழும்பில் எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான திகதியோ படிவமோ கிடையாது. இடம் வந்தால் எடுப்பார்கள். ஆகவே நீங்கள் பிந்திவிடவில்லை.

அப்பாவின் யோசனையை லேசாகத் தள்ளிவிடாதீர்கள். சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் எடுக்கும் முன் மூத்த சட்டத்தரணி ஒருவரிடம் ஆறு மாதம் பயிற்சி பெறத்தான் வேண்டும். திருகோணமலை நீதிமன்றத்தில் ஒரு நல்ல சீனியருக்குப் பின்னால் கோப்பு தூக்கிக்கொண்டு நடந்தால் கட்சிக்காரரிடம் கதை கேட்கும் விதம் பிடிபடும். கொழும்பில் கண்ணாடிக் கட்டடத்துக்குள் இருந்துகொண்டு அதைப் படிக்க முடியாது. ஆனால் பங்கு விற்பனை ஒப்பந்தமோ வங்கிக் கடன் ஒப்பந்தமோ வரைவது எப்படி என்பது ஊரில் உங்கள் கைக்கு வராது. உங்களுக்கு அந்த ஆசை உண்மையென்றால் கொழும்புக்கு முயலுங்கள். அடுத்த லீவில் மட்டும் அப்பா சொல்கிற சட்டத்தரணியிடம் நான்கு வாரம் போய் இருங்கள். காணிப் பதிவகத்துக்கு அனுப்பினால் சந்தோசமாகப் போங்கள், காரணத்தைப் பிறகு சொல்கிறேன். கொழும்பில் இடம் கிடைத்தால், அங்குள்ள பங்காளர் ஒருவரிடம் செய்யும் பயிற்சி அந்த ஆறு மாதக் கணக்கில் சேருமா என்பதை முதல் நாளே வாய்திறந்து கேளுங்கள். சம்பளத்தையும் அப்படியே கேளுங்கள். வெள்ளவத்தையில் ஒரு அறைக்கும் பஸ்சுக்கும் அது காணுமா, வீட்டிலிருந்து எவ்வளவு வரவேண்டும் என்பதை அப்பாவோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்துவிட்டுப் போவதுதான் மரியாதை.

சரி, இப்போது என் வெட்கக் கதை. என் முதல் நேர்முகத் தேர்வு, நிறுவனத்தின் பெயர் வேண்டாம். இரவு பஸ்ஸில் போய் இறங்கிய கையோடு முகத்தைக் கழுவிக்கொண்டு போனேன் (நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள், முதல்நாளே போய் யார் வீட்டிலாவது தூங்குங்கள்). எதிரே இருந்தவர் சுயவிவரத்தைப் பார்த்துவிட்டு, "ஓ, திருகோணமலையா?" என்றார். எனக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டது. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று தொடங்கி, கோணேசர் கோயில், கன்னியா வெந்நீரூற்று, கோட்டைக்குள் திரியும் மான்கள் வரை ஒப்புவித்தேன். அவர் சுற்றுலா வந்தவர் மாதிரிப் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "சரி, அங்கே யார், என்ன வியாபாரம் செய்கிறார்கள்?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. சீனக்குடாவில் பிறீமா மா ஆலையைத் தாண்டி எத்தனை தடவை பஸ்ஸில் போயிருப்பேன். சீமெந்துத் தொழிற்சாலை இருக்கிறது, புல்மோட்டையில் இல்மனைட் மணல் இருக்கிறது. இவை எல்லாம் யாருடையவை, காசு எங்கிருந்து வந்தது, காணி யாருடையது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. வேலை கிடைக்கவில்லை. கிடைக்காதது நியாயம்தான்.

கொழும்பில் 1841இல் தொடங்கிய எஃப்.ஜே. அன்ட் ஜி. டி சேரம், 1879இல் தொடங்கிய ஜூலியஸ் அன்ட் கிரீசி போன்ற பழைய நிறுவனங்களும் உண்டு, நேற்று முளைத்த சின்ன நிறுவனங்களும் உண்டு. எங்கே போனாலும் பயிலுநரிடம் சட்டப் பிரிவு இலக்கங்களை ஒப்புவிக்கச் சொல்வது குறைவு. அதற்குப் புத்தகம் இருக்கிறது. ஒரு கொடுக்கல் வாங்கலைப் பார்த்து இதில் யாருக்கு என்ன பயம் என்று இந்தப் பிள்ளைக்கு யோசிக்கத் தெரியுமா என்பதைத்தான் பார்ப்பார்கள். அந்தப் பயத்தை எழுத்தில் அடக்குவதுதான் ஒப்பந்தம்.

சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளை எடுங்கள். பிரித்தானியர் காலத்தவை, மொத்தம் 99. 2022 ஜனவரியில் கையெழுத்தான ஏற்பாட்டின்படி 24 தாங்கிகள் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 இந்தியன் ஒயில் நிறுவனத்தின் இலங்கைக் கம்பனியான லங்கா ஐஓசிக்கு, மிச்சம் 61 இரண்டும் சேர்ந்த ஒரு கூட்டுக் கம்பனிக்கு. அந்தக் கம்பனியில் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம், ஐஓசிக்கு 49 வீதம். காலம் 50 ஆண்டு. செய்தி வாசித்த எல்லாருக்கும் இவ்வளவும் தெரியும். "51 நம்மிடம், ஆகவே பிடி நம்மிடம்" என்று தேநீர்க் கடையில் பேசிக்கொள்வார்கள். நீங்கள் அங்கே நிற்கக்கூடாது. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தைத் திறந்து பாருங்கள். பங்குதாரர்களின் விசேட தீர்மானத்துக்கு 75 வீத வாக்கு வேண்டும். கம்பனியின் அமைப்பு விதிகளை மாற்றவும், பெரிய கொடுக்கல் வாங்கல் ஒன்றுக்குப் போகவும் விசேட தீர்மானம் தேவை. அப்படியானால் 51 வைத்திருப்பவர் தனியாக அதைச் செய்ய முடியாது, 49 வைத்திருப்பவர் தடுத்து நிறுத்தலாம். பிறகு கேள்விகள் தானாக வரும். இருவரும் முட்டிக்கொண்டால் யார் தீர்ப்பது? துருப்பிடித்த தாங்கியைத் திருத்தும் காசு யாருடையது? ஏன் 61ஐயும் நேரே குத்தகைக்குக் கொடுக்காமல் நடுவில் ஒரு கம்பனியை வைத்தார்கள்? பதில் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. இந்தக் கேள்விகள் உங்கள் வாயிலிருந்து வந்தாலே எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

இனி நிலாவெளி.

விருந்தினர் விடுதியில் கணக்கு எழுதிய பிள்ளைக்கு வியாபாரம் தெரியாதாம்! மாமா சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு செய்திருக்கிறாரா? ஊழியர் சேமலாப நிதிக்கு அவர் 12 வீதம், வேலையாள் 8 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு அவரே 3 வீதம் என்று நீங்கள்தானே கொப்பியில் பிரித்து எழுதியிருப்பீர்கள்? இணையத்தில் அறை பிடித்துக் கொடுக்கும் கம்பனி எவ்வளவு கழிக்கிறது, ஆள் வராவிட்டால் நட்டம் யார் தலையில்? வங்கிக் கடனுக்கு எந்தக் காணி ஈடு? கொரோனாக் காலத்தில் தவணை கட்ட முடியாமல் என்ன செய்தார்? மாமாவிடம் போய் அந்தப் பத்திரங்களை வாங்கி ஒரு தடவை முழுதாக வாசியுங்கள். வாசிக்காமல் கையெழுத்துப் போட்ட இடம் ஒன்றாவது இருக்கும், மாமாமார் எல்லாரும் அப்படித்தான். அதைக் கண்டுபிடித்து, அது அவருக்கு என்ன விலையாக முடியலாம் என்று நான்கு வரி எழுதினால் உங்கள் கடிதத்தின் நடுப் பத்தி தயார். மாமாவிடம் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள், அவர் பெயரும் தொகைகளும் வேண்டாம். இன்னொருவரின் கணக்கைப் பொத்தி வைக்கத் தெரிந்தவள் என்பதும் அப்போது தெரியவரும்.

தமிழைப் பற்றி ஒரு வரிகூட உங்கள் சுயவிவரத்தில் இல்லை. நானும் அப்படித்தான் மறைத்தேன். பிறகு வேறொரு இடத்தில் பயிலுநராக இருந்தபோது கிழக்குக் கடலோரக் காணி ஒன்றின் கோப்பு வந்தது. அதில் இருந்த பழைய உறுதிகள், அதாவது காணிப் பத்திரங்கள், எல்லாம் தமிழ்க் கையெழுத்து. மொழிபெயர்ப்பாளருக்காக ஒரு கிழமையாகக் காத்திருந்தார்கள். "நான் வாசிப்பேன்" என்றேன், குரல் எனக்கே கேட்கவில்லை. பழைய உறுதியில் "கிழக்கே கடல்" என்று இருந்தது, பின்னால் வந்த உறுதியில் "கிழக்கே அரச ஒதுக்குக் காணி". அந்த ஒரு எல்லைச் சொல் மாறியதில் வாங்குகிறவருக்குக் கடற்கரை கிடைக்குமா இல்லையா என்பதே கேள்விக்குறியாகிவிட்டது. அன்றிலிருந்து வடக்கு, கிழக்குக் கோப்பு எது வந்தாலும் என் மேசைக்குத்தான் வரும். காணிப் பதிவகத்துக்குப் போங்கள் என்று சொன்னது இதற்காக. தமிழ் உறுதி வாசிக்கவும், பதிவேட்டில் உரித்தைப் பின்னோக்கித் தேடவும் தெரிந்த பயிலுநர் கொழும்பில் தெருவுக்குத் தெரு கிடையாது. சிங்களம் கொஞ்சமாவது வருமென்றால் அதையும் எழுதுங்கள், வராவிட்டால் இன்றே தொடங்குங்கள்.

ஆங்கிலத்துக்கு வருகிறேன். சட்டக் கல்லூரிப் பரீட்சையை ஆங்கிலத்தில் மட்டும் நடத்தும் விதிகளைப் பாராளுமன்றம் 2023 மார்ச்சில் தோற்கடித்தது. எனக்கும் அது சந்தோசம்தான். ஆனால் நீங்கள் போக விரும்பும் இடத்தில் ஒப்பந்தமும் ஈமெயிலும் ஆங்கிலத்தில்தான் ஓடுகின்றன. இலக்கணம் படித்து நாக்கு அவிழாது. எண்ணெய்த் தாங்கிக் கதையை அப்பாவுக்கு ஆங்கிலத்தில் பத்து நிமிடம் சொல்லுங்கள். கச்சேரியில் இருப்பவருக்குக் குறுக்குக் கேள்வி கேட்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்றாம் நாள் அவரே கொழும்புப் பக்கம் சாய்ந்துவிடவும் கூடும்.

அடுத்த முறை ஆறு வேண்டாம், இரண்டு நிறுவனம் போதும். ஒவ்வொன்றும் எந்த வேலைக்குப் பெயர் எடுத்தது என்று பாருங்கள். வங்கிக் கடனா, கம்பனி வாங்கல் விற்றலா, வியாபாரச் சின்னமா, கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்ற வழக்கா? அவர்களுடைய இணையப் பக்கத்தில் வேலை செய்பவர்கள் எழுதிய கட்டுரைகள் இருக்கும், அதில் ஒன்றையாவது முழுதாக வாசியுங்கள். கடிதம் ஒரு பக்கம். ஏன் இந்த நிறுவனம் என்பதற்கு ஒரு பத்தி, நிலாவெளிக்கு ஒரு பத்தி, தமிழ் உறுதிக்கு இரண்டு வரி. பொதுவான முகவரிக்கு அனுப்பாமல், அந்தப் பிரிவைப் பார்க்கும் பங்காளரின் பெயருக்கே அனுப்புங்கள். பெயரின் எழுத்துக்களை இரண்டு தரம் சரிபாருங்கள். மூன்று கிழமையில் பதில் இல்லாவிட்டால் இரண்டு வரியில் ஒரு ஞாபகமூட்டல். பிறகும் மௌனமென்றால் அடுத்த இரண்டு பேர்.

எழுதி முடித்ததும் அனுப்புவதற்கு முன் எனக்கு ஒரு பிரதி போடுங்கள், சிவப்புப் பேனாவோடு வாசிக்கிறேன். சம்பூரில் முன்பு நிலக்கரி மின்நிலையம் வருவதாக இருந்தது, இப்போது சூரிய மின்சாரம் என்கிறார்கள். அதை எடுத்தாலும் சரி, மா ஆலையை எடுத்தாலும் சரி. எண்ணெய்த் தாங்கி மட்டும் வேண்டாம், இந்தப் பக்கத்தை வாசிக்கிற எல்லாப் பிள்ளைகளும் இனி அதைத்தான் எழுதப் போகிறார்கள்.